குடல் அழற்சியும் ஏஐயும்: படத்தைப் பார்த்து அது என்னதான் சொல்கிறது?

என் தங்கைக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற குடல் அழற்சி நோய் என்று தெரிந்து ஆறு வருஷம் ஆகிறது. போன தடவை கொலோனோஸ்கோபி, அதாவது குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை, முடிந்து வந்த ரிப்போர்ட்டில் நான்கு வண்ணப் படங்கள், கீழே இரண்டு வரி. அதை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் சித்தப்பா மகன் படங்களை மட்டும் வெட்டி ஒரு சாட் செயலியில் ஏற்றிவிட்டு, “ஏஐ பார்த்துடுச்சு, கடுமையான அழற்சியாம், குரோன் நோயாகவும் இருக்கலாமாம்” என்று பத்து நிமிஷத்தில் பதில் போட்டான். அக்கறையில்தான் செய்தான். ஆனால் அன்றைக்கு ராத்திரி அம்மா தூங்கவில்லை. ரிப்போர்ட்டின் இரண்டாவது வரியில் டாக்டர் எழுதியிருந்தது “மேயோ 1”. லேசான அழற்சி என்று அர்த்தம்.

அந்த ராத்திரிதான் இதை எழுத வைத்தது. குடல் நோய்ப் படங்களில் ஏஐ என்ற பேச்சு இப்போது நிறைய அடிபடுகிறது. டாக்டரைவிடத் துல்லியம் என்கிறார்கள், இனி கொலோனோஸ்கோபியே வேண்டாம் என்கிறார்கள், எல்லாம் வியாபாரம் என்றும் சொல்கிறார்கள். இப்படிப் பேசும்போது நான்கைந்து வேறு வேறு விஷயங்கள் ஒரே சொல்லுக்குள் போய் அடைந்துகொள்கின்றன. இந்த நோயில் படத்தைப் பார்க்கும் ஏஐ பெரும்பாலும் செய்வது ஒரு குறுகிய வேலை: நிபுணர்கள் முன்பு போட்ட மதிப்பெண்களைப் பார்த்துப் பழகி, புதிதாக வரும் படத்துக்கும் அதே மாதிரி மதிப்பெண் போடுவது. அது எப்படி நடக்கிறது, எங்கே கைகொடுக்கிறது, எங்கே சறுக்குகிறது என்று அடியிலிருந்து பார்ப்போம்.

## நோய் எது, எது இல்லை

குடல் அழற்சி நோயைச் சுருக்கமாக ஐபிடி என்பார்கள். பெயர் ஒத்து வருவதால் பலர் இதை ஐபிஎஸ் (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) என்ற வேறொரு குடல் தொல்லையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஐபிஎஸ்ஸில் வயிறு வலிக்கும், போக்கு சரியாக இருக்காது, அவதிதான். ஆனால் உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால் குடல் சுவரில் புண் இருக்காது. ஐபிடியில் இருக்கும். அதனால்தான் ஐபிடியில் படத்துக்கு இவ்வளவு மதிப்பு.

அழற்சி என்பது நமக்குத் தெரிந்ததுதான். முழங்காலில் அடிபட்டால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி வலிக்குமே, அதே. அடி எதுவும் படாமலே உடம்பின் எதிர்ப்பு சக்தி குடலின் உட்சுவரைத் தாக்கிக்கொண்டே இருந்தால் அது குடல் அழற்சி நோய். இதில் முக்கியமாக இரண்டு வகை.

ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலில் மட்டும் வரும். பெரும்பாலும் மலக்குடலில் தொடங்கி, நடுவில் இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவும். சுவரின் உள் அடுக்கோடு நின்றுகொள்ளும். இன்னொன்று குரோன் நோய். 1932இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பரில் குரோனும் அவருடைய சகாக்கள் இருவரும் இதை விவரித்து எழுதினார்கள், அதனால் அந்தப் பெயர். இது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகம். இங்கே கொஞ்சம், நடுவில் நல்ல குடல், அப்புறம் அங்கே கொஞ்சம் என்று விட்டு விட்டு வரும். சுவரின் முழுத் தடிமனையும் பிடிக்கும். அதனால் குடல் சுருங்கி அடைக்கலாம், சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து உறுப்புக்கோ தோலுக்கோ வழி உண்டாகலாம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். கொலைட்டிஸுக்கு அது ஓரளவு பொருந்தும். மலக்குடலைப் பார்த்தாலே நிலைமை பாதி புரிந்துவிடும். குரோன் நோய்க்குப் பொருந்தாது. ஒரு இடத்தில் நன்றாக இருக்கிறது என்பதற்காக அடுத்த ஒரு அடி தள்ளியும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கேப்சூல் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

## “படம்” என்பது ஒரே படம் கிடையாது

கொலோனோஸ்கோபி என்றால் நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள வளையும் குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடல் முழுவதையும், சிறுகுடலின் கடைசிச் சில அங்குலங்களையும் பார்ப்பது. முந்தின நாள் லிட்டர் கணக்கில் உப்புக் கரிக்கும் மருந்தைக் குடித்து ராத்திரி முழுக்கக் கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடப்பதுதான் நோயாளிக்கு அதில் பெரிய கஷ்டம் என்று என் தங்கை சொல்வாள். சுவரின் மேற்பரப்பு இதில் தெளிவாகத் தெரியும். அப்போதே சின்னத் துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது பயாப்சி.

சிறுகுடல் ஆறு மீட்டர் அளவுக்கு நீளம், அதன் நடுப்பகுதிக்கு அந்தக் குழாய் போகாது. அங்கேதான் கேப்சூல் எண்டோஸ்கோபி. சுமார் 26 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு மாத்திரை, அதற்குள் கேமரா, விளக்கு, பேட்டரி. விழுங்கிவிட்டால் குடலே அதைத் தள்ளிக்கொண்டு போகும், அது படம் எடுத்துக்கொண்டே போகும். அமெரிக்காவில் இதற்கு 2001இல் அனுமதி கிடைத்தது. குடல் சுருங்கியிருப்பவர்களுக்கு மாத்திரை உள்ளே சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால் டாக்டர் முதலில் அதைத்தான் யோசிப்பார்.

இவை இரண்டும் உள்ளிருந்து பார்ப்பவை. சுவரின் தடிமன், வெளிப்பக்கம் எல்லாம் தெரிய வேண்டுமானால் எம்ஆர்ஐ, சிடி, அல்ட்ராசவுண்ட். சிடியில் கதிர்வீச்சு உண்டு; இந்த நோய் பெரும்பாலும் இளம் வயதிலேயே வந்து வருஷக்கணக்கில் தொடர்வதால் அடிக்கடி எடுப்பதற்கு எம்ஆர்ஐயை விரும்புகிறார்கள். அல்ட்ராசவுண்டில் குடல் சுவர் 3 மில்லிமீட்டரைத் தாண்டித் தடித்திருந்தால் அழற்சியோ என்று சந்தேகப்படுவார்கள்.

ஆக, குடலுக்கு ஏஐ வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் முதல் கேள்வி: எந்தப் படத்துக்கு? கொலோனோஸ்கோபி படத்தில் பழகிய மென்பொருளுக்கு எம்ஆர்ஐயில் ஒன்றும் தெரியாது.

## ஒரே விடைத்தாள், இரண்டு மதிப்பெண்

கொலைட்டிஸில் கேமராவில் பார்த்ததை டாக்டர்கள் பெரும்பாலும் மேயோ ஸ்கோரில் சொல்வார்கள். மொத்தம் நான்கு படிகள். 0 என்றால் அழற்சி இல்லை, அல்லது ஆறிவிட்டது. சுவரில் மரக்கிளை மாதிரி மெல்லிய ரத்த நாளங்கள் பளிச்சென்று தெரியும். 1 என்றால் லேசாகச் சிவந்திருக்கும், அந்த நாளங்கள் மங்கியிருக்கும். 2 என்றால் நன்றாகச் சிவந்து, நாளங்களே தெரியாமல் போய், தொட்டால் ரத்தம் கசியும், மேல்தோல் அங்கங்கே அரித்திருக்கும். 3 என்றால் தொடாமலே ரத்தம், ஆழமான புண்.

படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் “லேசாக” எங்கே முடிகிறது, “நன்றாக” எங்கே தொடங்குகிறது? பிளஸ் டூ தமிழ்த் தாளில் கட்டுரைக் கேள்வியை நினைத்துப் பாருங்கள். ஒரே விடையை இரண்டு ஆசிரியர்கள் திருத்தினால் இரண்டு மதிப்பெண் வரும். யாரும் தப்பு செய்யவில்லை, ஆனாலும் மறுமதிப்பீட்டில் மாறுகிறது. அனுபவமுள்ள டாக்டர்களுக்குள்ளும் மேயோ ஸ்கோரில் இப்படி ஒரு படி வித்தியாசம் வருவது சகஜம். மூன்று வருஷத்துக்கு முன் தங்கையின் கொலோனோஸ்கோபி வீடியோவை இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள். ஒருவர் 1 என்றார், இன்னொருவர் 2 என்றார். பேப்பரில் அது ஒரு எண்தான், ஆனால் இப்போதுள்ள மாத்திரையே போதுமா, ஊசி மருந்துக்குப் போக வேண்டுமா என்ற முடிவு அந்த ஒரு எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது.

புது மருந்துகளைச் சோதிக்கும்போதும் இதே தலைவலி. பத்து நாடுகளில் நூறு டாக்டர்கள் தங்கள் கண்ணுக்குப் பட்டபடி மதிப்பெண் போட்டால், மருந்து வேலை செய்ததா, மதிப்பெண் போட்டவர் மாறினாரா என்று தெரியாது. அதனால் வீடியோக்களை ஒரே இடத்துக்கு அனுப்பித் தனியாக நிபுணர்களை வைத்துப் பார்க்க வைக்கிறார்கள். அதற்குச் செலவும் ஆகும், நாளும் ஆகும்.

இங்கேதான் ஏஐக்கு உண்மையான தேவை பிறக்கிறது. களைப்பில்லாமல், காலையிலும் சாயங்காலமும் ஒரே அளவுகோலோடு மதிப்பெண் போடுகிற ஒருவர் வேண்டும். டாக்டருக்குத் தெரியாத நோயைக் கண்டுபிடிப்பது என்பது வேறு பேச்சு.

## கணினிக்குப் படம் என்றால் எண்கள்

போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் கடைசியில் சின்னச் சின்னச் சதுரங்களாகத் தெரியும். அந்தச் சதுரம்தான் பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று பொதுவாக 0 முதல் 255 வரை மூன்று எண்கள். கணினிக்குக் கிடைப்பது இந்த எண்கள் மட்டும்தான்.

உதாரணத்துக்கு, குடல் சுவரில் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் பச்சை எண்கள் இப்படி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: 82, 80, 83, 81, 170, 172, 169. முதல் நான்கும் இளஞ்சிவப்பான நல்ல சுவர். அடுத்த மூன்றும் வெளுத்த மஞ்சள், அதாவது புண்ணின் அடிப்பகுதி. பக்கத்து எண்களைக் கழித்துப் பாருங்கள்: 2, 3, 2, அப்புறம் திடீரென்று 89, பிறகு 2, 3. அந்த 89 இருக்கும் இடம்தான் புண்ணின் விளிம்பு. சிவப்பு என்றால் என்ன, புண் என்றால் என்ன என்று எதுவும் தெரியாமலே, வெறும் கழித்தலில் ஒரு விளிம்பு கிடைத்துவிட்டது.

இந்த மாதிரிச் சின்னக் கணக்குக்கு வடிகட்டி என்று பெயர். அதைப் படத்தின் மேல் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று நகர்த்திக்கொண்டே போனால் எங்கெல்லாம் விளிம்பு இருக்கிறதோ அங்கெல்லாம் எண் உயரும். ஒரு வடிகட்டி நெட்டுக் கோட்டைப் பிடிக்கும், ஒன்று படுக்கைக் கோட்டை, ஒன்று நிறம் மாறும் இடத்தை. இவை கொடுத்த விடைகளின் மேல் அடுத்த அடுக்கு வடிகட்டிகளை ஓட்டினால் வளைவுகள், கிளை பிரியும் கோடுகள் கிடைக்கும். அதற்கு மேல் இன்னொரு அடுக்கு, அதற்கு மேல் இன்னொன்று. கிளை பிரியும் கோடு நிறைய இருந்தால் ரத்த நாளம் தெளிவாக இருக்கிறது என்ற பக்கம் எண் சாயும். இப்படி அடுக்கடுக்காக வைப்பதால் இதை ஆழ்கற்றல் என்கிறார்கள்.

வடிகட்டியில் எந்த எண்ணை வைப்பது என்று யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. இது பலருக்குத் தெரியாத இடம். முதலில் எண்கள் தாறுமாறாக இருக்கும். ஒரு படத்தைக் காட்டுவார்கள், அது “3” என்று சொல்லும், டாக்டர் போட்டது “1”. எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று கணக்குப் பார்த்து, அந்தத் தப்புக்குக் காரணமான எண்களை ஒவ்வொன்றாகத் துளித் துளி மாற்றுவார்கள். அடுத்த படம். மறுபடி மாற்றம். புதிதாகச் சமைக்கப் பழகுகிறவர் இன்றைக்கு உப்பு கூடிவிட்டது என்று கேட்டு நாளைக்குக் கொஞ்சம் குறைத்து, புளி கம்மி என்று கேட்டு மறுநாள் கூட்டி, மாதம் போகப் போகக் கை பக்குவப்படுவது மாதிரி. ஆனால் இங்கே மாற்ற வேண்டிய பொருட்கள் பத்து இருபது இல்லை, லட்சக்கணக்கான எண்கள்.

பழகி முடிந்தபின் புதுப் படம் கொடுத்தால் அது சொல்வது இப்படி இருக்கும்: மேயோ 0க்கு 0.08, 1க்கு 0.61, 2க்கு 0.27, 3க்கு 0.04. கூட்டினால் 1. பெரிய எண் எதுவோ அதைத் திரையில் காட்டுவார்கள். பின்னால் இருக்கும் 0.27 நம் கண்ணுக்கு வராது, ஆனால் சந்தேகம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

சுருக்கமாக: படம் எண்களாகிறது, வடிகட்டிகள் கோடுகளையும் நிற மாற்றங்களையும் பிடிக்கின்றன, டாக்டர்கள் போட்ட மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு எண்கள் சரியாகின்றன, கடைசியில் ஏற்கெனவே கற்றுக்கொடுத்த விடைகளுக்குள் ஒன்று வெளியே வருகிறது.

## பாடம் நடத்தியவர் யார்?

2019இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுவது. 3,082 நோயாளிகளின் 16,514 படங்கள், மேலே சொன்ன மாதிரி அடுக்குகள் 159 உள்ள ஆழ்கற்றல் வலைப்பின்னல். படங்களுக்கு நிபுணர்கள் மேயோ ஸ்கோர் போட்டுக் கொடுத்தார்கள். முடிவு என்ன வந்தது தெரியுமா? ஆறிய குடலையும் நன்றாக அழன்ற குடலையும் பிரிப்பதில் இயந்திரம் மிக நன்றாகச் செய்தது. மனித மதிப்பெண்ணோடு அது ஒத்துப்போன அளவு, அனுபவமுள்ள இரண்டு மனிதர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகிற அளவுக்கு ஏறக்குறைய சமமாக இருந்தது.

இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இயந்திரம் நிபுணரைத் தாண்டிப் போய்விட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. இன்னொரு நிபுணரைப் பக்கத்தில் உட்கார வைத்த மாதிரி என்று அர்த்தம். சரியான விடை எது என்று முடிவு செய்ததே நிபுணர்கள்தான் என்னும்போது, அந்த அளவுகோலை வைத்து அவர்களைவிட மேலே என்று எப்படிச் சொல்வது? பக்கத்தில் எப்போதும் இன்னொரு நிபுணர் கிடைப்பதே பெரிய விஷயம், ஒரு சின்ன ஊரில் வேலை பார்க்கும் டாக்டருக்கு இன்னும் பெரிய விஷயம்.

2020இல் டோக்கியோவிலிருந்து வந்த ஆய்வு ஒரு படி வேறு மாதிரி யோசித்தது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். கேமராவில் ஆறியதுபோல் தெரிந்தாலும் பயாப்சியில் அழற்சி மிச்சம் இருக்கலாம். அப்படி இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல். அதனால் அவர்கள் 2,012 நோயாளிகளின் 40,758 படங்களோடு, அதே இடங்களில் எடுத்த 6,885 பயாப்சி முடிவுகளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். கேமராப் படத்தை மட்டும் பார்த்து, பயாப்சியில் ஆறியதாக வருமா என்பதை அது 92.9 சதவீதம் சரியாகச் சொன்னது. இங்கே ஆசிரியர் மாறிவிட்டார். கண்ணால் பார்த்துப் போட்ட மதிப்பெண்ணுக்குப் பதிலாக நுண்ணோக்கியின் விடை. கண்ணுக்குப் பிடிபடாத ஏதோ ஒன்று படத்திலேயே இருக்கிறது என்பதை இப்படித்தான் வெளியே கொண்டுவர முடியும்.

ஆனால் எந்த ஆசிரியர் வந்தாலும் எந்த உதாரணங்களைக் காட்டினார் என்பது முக்கியம். ஒரு குழந்தைக்குப் பங்கனப்பள்ளியை மட்டும் காட்டி “மஞ்சளானால் பழம்” என்று சொல்லிக்கொடுத்தால், இமாம் பசந்தைக் கையில் கொடுத்ததும் காய் என்று சொல்லிவிடும். அது பழுத்தும் தோலில் பச்சை நிற்கும். ஒரு நாட்டில், ஒரு கம்பெனிக் கேமராவில், நன்றாகச் சுத்தம் செய்த குடல்களில் எடுத்த படங்களில் பழகிய மென்பொருள், வேறு கேமராவும் கொஞ்சம் மலம் தங்கிய குடலும் வந்தால் இதே மாதிரித்தான் தடுமாறும்.

## கேள்வித்தாள் முன்பே தெரிந்திருந்தால்

“98 சதவீதம் துல்லியம்” மாதிரியான தலைப்புகளைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது, தேர்வு எப்படி வைத்தார்கள் என்பதைத்தான்.

கேப்சூலை எடுத்துக்கொள்ளுங்கள். குரோன் நோயின் புண்ணைக் கேப்சூல் படங்களில் கண்டுபிடிக்க 2020இல் வந்த ஒரு ஆய்வில் 17,640 படங்கள் இருந்தன. பெரிய எண். ஆனால் அவை வந்தது 49 பேரிடமிருந்து. ஒரே ஆளின் குடலில் அடுத்தடுத்த நொடிகளில் எடுத்த படங்கள் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அவற்றைக் கலைத்துப் போட்டு, பாதியில் பாடம் நடத்தி மீதியில் தேர்வு வைத்தால், தேர்வில் வருவது ஏற்கெனவே பார்த்த குடல்தான். மாதிரித் தாளில் இருந்த கேள்வி அப்படியே பரீட்சையில் வருவது போல. அந்த ஆய்வாளர்கள் நேர்மையாக இரண்டு விதமாகவும் சோதித்தார்கள்: படங்களைக் கலந்து ஒரு முறை, முன்பு பார்த்திராத நோயாளிகளை வைத்து ஒரு முறை. இரண்டாவதிலும் நன்றாகவே வந்தது, ஆனால் ஆளுக்கு ஆள் ஏற்ற இறக்கம் தெரிந்தது. இந்த இரண்டாவது எண்தான் நமக்கு வேண்டியது, ஏனென்றால் நாளைக்கு வரும் நோயாளியும் அது முன்பு பார்த்திராதவர்தான்.

இன்னொரு சறுக்கலும் உண்டு. 2018இல் நெஞ்சு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களை ஆராய்ந்தபோது, படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதை அவை மிகத் துல்லியமாகக் கண்டுகொள்வது தெரிந்தது. ஒரு மருத்துவமனைக்கு நிமோனியா நோயாளிகள் அதிகம் வருகிறார்கள் என்றால், நுரையீரலைப் பார்க்காமல் மருத்துவமனையை வைத்தே பாதி விடையை ஊகித்துவிடலாம். குடலிலும் இதே வழி திறந்திருக்கிறது. புண் மோசமாக இருக்கும் இடத்தில் டாக்டர் கூடுதல் படம் எடுப்பார், பயாப்சி இடுக்கி படத்தின் ஓரத்தில் தெரியும். இடுக்கியைப் பார்த்துப் புண் என்று சொல்லப் பழகிவிட்டால் மதிப்பெண் பிரமாதமாக வரும், வேலைக்கு ஆகாது.

இத்தனை சொன்னாலும், ஏஐ இப்போதே நன்றாகப் பயன்படும் இடம் எது என்று கேட்டால் நான் கேப்சூலைத்தான் சொல்வேன். ஒரு கேப்சூல் எட்டு மணி நேர அளவில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் படம் எடுக்கும். அதில் புண் இருப்பது சில நூறாக இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். ஒரு மனிதர் உட்கார்ந்து இத்தனையையும் ஓட்டிப் பார்க்கும்போது கண் சோர்ந்துபோகும். குரோன் நோயோ விட்டு விட்டு வருவது, ஒரு சோறு பார்த்துப் பதம் சொல்ல முடியாதது. மென்பொருள் சந்தேகமான படங்களைத் தனியே எடுத்து வைத்தால், நூற்றுக்கு ஒன்று தப்பாகக் கொடி காட்டினாலும் ஐந்நூறு படம்தான். ஐந்நூற்றைப் பார்ப்பது ஐம்பதாயிரத்தைப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல். அது தவறவிடுபவை எத்தனை என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

## குரோனா, காசநோயா?

நம் நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் குடல் காசநோயை விட்டுவிட்டுப் பேச முடியாது. காசநோய் என்றால் நுரையீரல் என்று நினைக்கிறோம், குடலிலும் வரும். அதுவும் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் அதே இடத்தில் அதிகம் வரும், குரோன் நோய்க்கும் பிடித்த இடம் அது. இரண்டிலும் புண், இரண்டிலும் சுருக்கம், இரண்டிலும் காய்ச்சல், எடை குறைதல். கேமராவில் பார்த்தால் பெரிய டாக்டர்களுக்கே திணறல்தான்.

தப்பாகச் சொன்னால் விலை அதிகம். காசநோயைக் குரோன் என்று நினைத்து ஸ்டீராய்டோ, எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஊசியோ கொடுத்தால் காசநோய் உடம்பெல்லாம் பரவலாம். குரோனைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தால், அதற்குள் குடல் கெட்டுப்போகும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 1990களிலேயே பயாப்சித் துணுக்குகளை நுண்ணோக்கியில் வைத்து இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கேமராவில் காசநோய்ப் புண் குடலுக்குக் குறுக்காக ஓடும், குரோன் புண் நீளவாக்கில் ஓடும் என்று ஒரு பொது அடையாளம் உண்டு. ஆனால் எல்லோருக்கும் அப்படி இருப்பதில்லை.

இப்போது முன்னால் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் தனக்குக் கற்றுக்கொடுத்த விடைகளுக்குள்தான் ஒன்றைச் சொல்லும். காசநோய் அபூர்வமான ஒரு நாட்டில், “நல்ல குடல், கொலைட்டிஸ், குரோன்” என்ற மூன்று விடைகளோடு பழகிய ஒன்றுக்கு நம் ஊர்க் காசநோய்ப் படத்தைக் கொடுத்தால், அது “காசநோய்” என்று சொல்லவே முடியாது. “தெரியவில்லை” என்றும் சொல்லாது, அப்படி ஒரு விடையைக் கொடுத்துப் பழக்காத வரை. 0.9 குரோன் என்று அழுத்தமாகச் சொல்லிவிடும். அந்த 0.9 அதன் சொந்த அளவுகோலில் வந்த எண், நோயாளிக்குக் குரோன் இருக்க 90 சதவீத வாய்ப்பு என்று அதை எடுத்துக்கொள்வது ஆபத்து. காசநோயையும் குரோனையும் பிரிக்கும் மென்பொருள்களை ஆசியாவில் பல குழுக்கள் முயன்றுகொண்டிருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் நம் நாட்டுப் படங்களும் நம் நாட்டு நிபுணர்களின் விடைகளும்தான் பாடப்புத்தகம். வெளியிலிருந்து வாங்கிவந்து ஒட்ட வைத்தால் ஒட்டாது.

## கட்டியைத் தேடும் ஏஐ வேறு

கொலோனோஸ்கோபியில் ஏஐ என்று செய்தியில் வருவதில் பெரும்பகுதி பாலிப் தேடுவதைப் பற்றியது. பாலிப் என்பது குடல் சுவரில் மொட்டு மாதிரி வளர்வது, சில வகைகள் பிற்பாடு புற்றுநோயாகலாம். ஜிஐ ஜீனியஸ் என்ற கருவிக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும் திரையிலேயே சந்தேகமான இடத்தில் பச்சைக் கட்டம் போடும். இதைக் கேட்டுவிட்டுக் குடல் அழற்சிக்கும் இது இருக்கிறதாமே என்று கேட்கிறார்கள். இரண்டும் வேறு வேலை. பாலிப் கருவிகளைச் சோதித்தபோது ஐபிடி உள்ளவர்களைப் பொதுவாக ஒதுக்கிவிட்டுத்தான் சோதித்தார்கள். அழன்ற குடலில் ஆறிப்போன தழும்புகளும் பாலிப் மாதிரியே துருத்திக்கொண்டு நிற்கும், அங்கே அதன் கட்டத்தை அப்படியே நம்ப முடியாது.

அந்தப் பக்கத்திலிருந்து நமக்கு வந்த ஒரு எச்சரிக்கை மட்டும் எல்லோருக்கும் பொது. 2025இல் போலந்தின் நான்கு மையங்களிலிருந்து ஒரு ஆய்வு வெளிவந்தது. ஏஐயோடு வேலை செய்யத் தொடங்கிய பிறகு, அதே டாக்டர்கள் ஏஐ இல்லாமல் செய்த கொலோனோஸ்கோபிகளில் அடினோமா என்ற பாலிப் வகையைக் கண்டுபிடிக்கும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4க்கு இறங்கியிருந்தது. ஒரே ஆய்வுதான், வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் கண்ணுக்கு வேலை குறைந்தால் கண் மறக்கும் என்பது நம்பக்கூடியதுதான். மேயோ ஸ்கோரை இயந்திரமே போட்டுவிடும் என்று வளர்கிற அடுத்த தலைமுறை டாக்டர்களை நினைத்தால் எனக்கு இது கவலையாகத்தான் இருக்கிறது.

## ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு

சாட் செயலி ஏன் அப்படிச் சொன்னது என்பதற்கு இப்போது விடை கிடைத்திருக்கும். அது குடல் படங்களுக்கென்று பழக்கி, நோயாளிகளிடம் சோதித்து, அனுமதி வாங்கிய மருத்துவ மென்பொருள் கிடையாது. எல்லாவற்றையும் பற்றிப் பேசப் பழகிய ஒன்று. அதன் கைக்குப் போனது நான்கு படங்கள். டாக்டர் பார்த்தது இருபது நிமிஷ வீடியோ, தங்கையின் ஆறு வருஷ வரலாறு, ரத்தப் பரிசோதனை, குடல் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதம் மலத்தில் இருக்கும் அளவு, பயாப்சி. அதோடு ரிப்போர்ட் பக்கத்தை முழுதாக ஏற்றினால் பெயர், வயது, மருத்துவமனைப் பதிவு எண் எல்லாம் சேர்ந்து போய்விடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ரிப்போர்ட்டில் புரியாத சொல்லுக்கு அர்த்தம் கேட்க அதைப் பயன்படுத்தலாம், அதில் தப்பில்லை. படத்துக்குத் தீர்ப்புக் கேட்க வேண்டாம். டாக்டரிடம் கேட்க வேண்டியவை வேறு: ஸ்கோர் எவ்வளவு, எந்தப் பகுதிக்கு எவ்வளவு, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன மாற்றம், பயாப்சி என்ன சொல்கிறது. ஏஐ கருவி ஏதாவது பயன்படுத்தினார்களா என்றும் கேட்கலாம், பயன்படுத்தினால் அது கட்டி தேடவா, அழற்சிக்கு மதிப்பெண் போடவா என்றும் கேட்கலாம்.

போன மாதம் தங்கையோடு நானும் போயிருந்தேன். பகுதி வாரியாக ஸ்கோர் வேண்டும் என்று கேட்டதும், டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பெருங்குடலைக் கவிழ்த்த ‘ப’ மாதிரி வரைந்து, ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் ஒரு எண் எழுதிக் கொடுத்தார். அதற்கு அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தத் தாளைப் படம் எடுத்து வீட்டுக் குழுவில் போட்டேன். சித்தப்பா மகன் கொஞ்ச நேரம் கழித்து எழுதினான்: “மலக்குடல்ல மட்டும்தான் 1, மத்த எல்லா இடத்துலயும் 0. பெரியம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?”